புரட்டாதிச் சனியும் மரை இறைச்சியும்

ஹொல்ம்லியாவில் நாலாம் மாடி வீடொன்றில் இருந்துகொண்டு ஒரு மனிதன் மரை வேட்டைக்குப் போய்வருவதை ஊருக்கு ஒளிப்பதென்றால், முதலில் ஒளிக்க வேண்டியது துவக்கை அல்ல, சப்பாத்தை. துவக்கு பாவம், படுக்கையறை அலுமாரிக்குள் இரும்புப் பெட்டியில் பூட்டுப் போட்டபடி கிடக்கும். சப்பாத்து அப்படியில்லை. வாசலில் கழற்றி வைத்ததும் காட்டுச் சேறும் இரத்தமும் குடல் நாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து குசினிவரை வந்துவிடும். மங்களேஸ்வரி சாம்பிராணி போட்டுப் பார்த்தாள். சாம்பிராணியோடு சேர்ந்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது.

நோர்வேக்காரர் எல்க் என்று சொல்லும் அந்தப் பெரிய மிருகத்தை எங்கள் ஆட்கள் மரை என்றுதான் சொல்வார்கள். வன்னிக்காட்டு மரை இதற்குப் பக்கத்தில் நின்றால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். மங்களேஸ்வரியின் கணவன் யோகராசா பஸ் கராஜில் இருபது வருடமாக வேலை செய்கிறவன். அங்கே மெக்கானிக்காக இருந்த ஓட்வார் என்ற நோர்வேக்காரன்தான் அவனை வேட்டைக்குக் கூட்டிப் போனவன். ஹொல்ம்லியாவுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் வேட்டையாட உரிமை உள்ள கூட்டமொன்றுக்கு ஓட்வார் தலைவன். யோகராசா வகுப்புக்குப் போனான், சோதனை பாஸ் பண்ணினான், துவக்கு வாங்கினான். வாங்கிய கையோடு மனைவியிடம் ஒரு சத்தியமும் வாங்கினான். கோவில் ஆட்களுக்கு இது தெரியவரக் கூடாது.

ஏனென்றால் யோகராசா கோவில் நிர்வாகசபையில் இருந்தான். சும்மா இருக்கவில்லை, அன்னதானத்துக்குப் பொறுப்பாக இருந்தான். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க வருகிற சனத்துக்கு எள்ளுச்சாதம் பரிமாறுவது அவன் கை. காலையில் மரையின் வயிற்றைப் பிளந்த கை மாலையில் எள்ளுச்சாதம் அள்ளியது. மங்களேஸ்வரிக்கு அதை நினைக்கும்போதெல்லாம் வாயில் உமிழ்நீர் ஊறும். பசியில் ஊறுகிற உமிழ்நீர் அல்ல, சத்திக்கு முதல் ஊறுமே, அது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு புரட்டாதியின் கடைசிச் சனி. விடிய எழும்பியபோது யோகராசா போய்விட்டிருந்தான். கராஜில் ஓவர்டைம் என்பது ஊருக்குச் சொல்கிற கதை. மனைவிக்கு முதல் நாள் இரவு சொன்ன கதை வேறு: இன்றைக்கு வேட்டை ஏரிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.

மங்களேஸ்வரிக்குச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொல்லி மூன்று வருடமாகிறது. சனிக்கிழமைதோறும் அவளும் யோசெப்பினும் காட்டுப்பாதையில் நடப்பார்கள். இருவரும் ஒரே சீக்கயெமில், அதாவது வயோதிபர் இல்லத்தில், வேலை செய்கிறவர்கள். மங்களேஸ்வரி அறைகள் துடைப்பாள், யோசெப்பின் குசினியில் நிற்பாள். யோசெப்பின் பாசையூர்க்காரி, வேதக்காரி, வாய்க்காரி. மற்றப் பெண்களும் வெயில் காலத்தில் வருவார்கள். குளிர் தொடங்கினால் இவர்கள் இருவரும்தான் மிஞ்சுவார்கள்.

கார் நிறுத்துகிற இடத்திலிருந்து காட்டுக்குள் போகிற பெரிய வாசலால் போனால், அங்கே வேட்டை நடக்கிறது என்று வேட்டைக்காரர் பலகை தொங்கவிட்டிருப்பார்கள். இவர்கள் அந்த வழியால் போவதில்லை. ரயில் பாதைக்குக் கீழே உள்ள சுரங்கத்தால் புகுந்து, மாடி வீட்டுப் புளொக்குகளின் பின்பக்கத்துக் குறுக்குப் பாதையால் ஏறினால் கால்மணி நேரம் மிச்சம்.

முதல் நாள் இரவு மழை பெய்து விட்டிருந்தது. பேர்ச் மரங்கள் இலையைக் கொட்டி, பாதை முழுவதும் மஞ்சளாக வழுக்கியது. மங்களேஸ்வரி கணவனின் பழைய மண்ணிறக் குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தாள். யோசெப்பினுடையது கடும் சாம்பல். அழுக்குத் தெரியாத நிறம் என்று பார்த்து வாங்குவது எங்கள் பெண்களுடைய வழக்கம்.

"அக்கா, இண்டைக்கும் ஒண்டும் சாப்பிடேல்லையோ?" என்று யோசெப்பின் கேட்டாள்.

"சனி விரதமெல்லோ. பின்னேரம் கோயில்லை எள்ளுச்சாதம் சாப்பிட்டாப் பிறகுதான்."

"சீனி வருத்தக்காரி பட்டினி கிடந்து நடந்தால் சனீஸ்வரன் நேரை வந்து தூக்கிக்கொண்டு போவார். இந்தாங்கோ, ரோல்ஸ் கிடக்கு. மரக்கறி ரோல்ஸ்தான்."

"உம்மடை மரக்கறி ரோல்ஸுக்குள்ளை போன முறை மீன் முள்ளு இருந்தது."

"அது தவறிப் போய் விழுந்த முள்ளு," என்றாள் யோசெப்பின். "தேத்தண்ணியாவது குடியுங்கோ."

சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க்கைத் திறந்து இஞ்சித் தேநீர் வார்த்தாள். ஏற்றம் முடிகிற இடத்தில், ஒரு பாறை ஓரமாக நின்று குடித்தார்கள். கதை ஊருக்குப் போனது. ஆவணியில் சண்டை தொடங்கி ஊருக்குப் போகிற பாதை பூட்டியதிலிருந்து யோசெப்பினின் தங்கச்சி குடும்பம் யாழ்ப்பாணத்தில் அடைபட்டுக் கிடந்தது. சமாதானம் பேச என்று இந்த நாட்டிலிருந்து போனவர்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அங்கே சீனி கிலோ என்ன விலை விற்கிறது என்று யோசெப்பின் சொல்லத் தொடங்கியபோதுதான் வெடி கேட்டது.

ஒரு வெடி. அடுத்து இன்னொன்று. மிகக் கிட்டத்தில்.

இருபது வருடத்துக்கு முதல் படித்த பாடம் இருவரின் உடம்புக்குள்ளும் இருந்தது. பாதையை விட்டு விலகு. விழு. அசையாதே. சத்தம் போடாதே. பாதை ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, ஸ்புரூஸ் மரங்களின் அடிக்குத் தவழ்ந்து போய், முகத்தைப் பாசிக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தார்கள். யோசெப்பின் காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்திருந்தாள். செல் விழும்போது அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதுச் சவ்வு போய்விடும். கொப்புகள் மூடியிருந்தன. மண்ணிறம் மண்ணோடும் சாம்பல் பாறையோடும் சேர்ந்துவிட்டது. உயிர் தப்ப இதைவிடத் திறமான வழி அவர்கள் இருவருக்கும் தெரியாது.

அந்தக் காட்டில் உயிர் போவதற்கும் அதைவிடத் திறமான வழி இருக்கவில்லை.

கால்மணி நேரம் போயிருக்கும். நாய்தான் முதலில் வந்தது. சாம்பல் நிற வேட்டை நாய். ரோல்ஸ் மணமோ ஆள் மணமோ, மரத்தின் முன்னால் நின்று, விடாமல் குலைத்தது. மரையை மறித்து நிற்கும்போது குலைக்கிற மாதிரியே குலைத்தது. யோசெப்பின் பயந்து காலை இழுத்தாள். கொப்பு ஆடியது. மங்களேஸ்வரியின் மண்ணிற முதுகு கொஞ்சம் உயர்ந்தது. பாசியில் ஒருக்களித்துப் படுத்திருந்த அவளுடைய ஒரு கண்ணுக்கு, எதிர்ப்பக்கப் பாறைமேல் ஓர் ஆள் தெரிந்தான். துவக்கு தோளில் இருந்தது. அதன் வாய் நேராக அவளைப் பார்த்தது.

அவளுக்கு அப்போதும் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. இன்னும் மூச்சை அடக்கினாள்.

அந்த நேரம் யோசெப்பின் கக்கத்தில் இடுக்கியிருந்த பிளாஸ்க் நழுவிக் கானுக்குள் உருண்டது. சிவப்பு மூடி. துவக்கு மெதுவாகக் கீழே இறங்கியது. அந்த ஆள் நோர்வேஜிய மொழியில் போட்ட சத்தம் காடு முழுக்கக் கேட்டது. துவக்கைத் திறந்து தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். இரண்டு முறை கை தவறி அவை நிலத்தில் விழுந்தன. பிறகு பாறையால் சறுக்கி இறங்கி வந்து, இவர்களைத் தூக்கி விடாமல் தானே பாசியில் குந்திக்கொண்டான். முகம் வெள்ளைக் கடதாசியாகப் போயிருந்தது. அவன்தான் ஓட்வார்.

"ஏன் படுத்தீர்கள்?" என்று அவன் கேட்டான். "ஏன் சத்தம் போடவில்லை? பாதையில் நின்று சத்தம் போடச் சொல்லி யோகாவிடம் சொல்லியனுப்பினேனே. அவன் சொல்லவில்லையா?"

மங்களேஸ்வரிக்கு நோர்வேஜிய மொழி நன்றாக விளங்கும். பதினாலு வருடமாகக் கிழவர் கிழவிகளோடு அதைத்தான் பேசி வருகிறாள். யோகா என்பது தன் கணவன்தான் என்பதும் விளங்கியது. அதற்குள் யோகராசா வந்துவிட்டான். தூரத்திலேயே தெரிகிற ஒரேஞ்சில், தோடம்பழ நிறத் தொப்பி, அதே நிறத்தில் வெஸ்ட், தோளில் துவக்கு. இரண்டு கையும் மணிக்கட்டுவரை இரத்தம். முதல் வெடியில் விழுந்த மரையின் குடலை இழுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடி வந்திருந்தான்.

மனைவியைக் கண்டான். ஒரு கணம் அவன் முகம் உடைந்தது. அதை அவள் பார்த்தாள். அந்த ஒரு கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவனை மன்னித்திருக்கலாம். அவன் அதற்கு இடம் வைக்கவில்லை.

"நான் சொன்னேன்," என்றான் ஓட்வாரைப் பார்த்து, நோர்வேஜிய மொழியில். "இரண்டு தரம் சொன்னேன். எங்கள் பெண்கள் இப்படித்தான், ஒரு காதால் கேட்டு மறு காதால் விடுவார்கள்."

பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, குரலை மாற்றாமல், மெல்லிய சிரிப்போடு தமிழில் சொன்னான். "இஞ்சேரும், ஓம் எண்டு தலையை ஆட்டும். யோசெப்பின், நீங்களும் ஆட்டுங்கோ. மிச்சம் வீட்டை போய்க் கதைப்பம்."

யோசெப்பின் தலையாட்டினாள்.

மங்களேஸ்வரி ஆட்டவில்லை. ஆட்டவில்லையே தவிர, வாயும் திறக்கவில்லை. ஓட்வார் அவர்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். நாய் சிந்திக் கிடந்த ரோல்ஸைத் தின்றுகொண்டிருந்தது.

திரும்பி இறங்கி வரும்போது பாதை நடுவே மரையின் குடல் குவியலாகக் கிடந்தது. ஆவி பறந்தது. சுற்றிப்போக இடமிருக்கவில்லை. அதன் ஓரமாகக் கால் வைத்தபோது சப்பாத்து வழுக்கியது. மங்களேஸ்வரி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு சத்தி எடுத்தாள். மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

"நீர் ஏன் தலையாட்டினனீர்?" என்று அவள் கேட்டாள்.

யோசெப்பின் நடந்தபடியே சொன்னாள். "துவக்கோடை நிண்டு தலையாட்டு எண்டால் ஆர்தான் அக்கா ஆட்டாயினம்? ஆமி கேட்டாலும் ஆட்டினனான், இயக்கப் பெடியள் கேட்டாலும் ஆட்டினனான். இண்டைக்கு அத்தான் கேட்டவர்."

சுரங்கத்தைத் தாண்டியதும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

யோகராசா மத்தியானம் வந்து, குளித்து, இன்னொரு தரம் குளித்து, வேட்டி கட்டித் திருநீறு பூசிக்கொண்டு கோவிலுக்குப் போனான். மங்களேஸ்வரியும் போனாள். எள்ளுப் பொட்டணி எரித்தாள். மண்டபத்தில் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது யோகராசா கரண்டியால் அள்ளியதை வலக்கை விரல்களால் தட்டி அவள் தட்டில் போட்டான். பெருவிரல் நகத்தின் அடியில் கறுத்த ஒரு கோடு இருந்தது. எள்ளாக இருக்கலாம். அவள் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கடைசிச் சனி, வடிவாச் சாப்பிடும்," என்றான் அவன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

கோவில் சோற்றை எறிவது பாவம். அவள் அந்தத் தட்டைக் கொண்டுபோய்ச் சப்பாத்து ராக்கைக்குப் பின்னால் இருந்த குப்பை வாளிக்குள் கவிழ்த்தாள். பாவம் வந்தால் வரட்டும், பரிமாறினவன் தலையில் பாதி விழும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள்தான் பை அகப்பட்டது. நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் வைக்க ஒரு சிற்றறை உண்டு. பூட் என்று சொல்வார்கள். அரிசி மூட்டை எடுக்கப் போனவள், பழைய சூட்கேசுக்குப் பின்னால் நீலநிறப் பெரிய பையொன்றைக் கண்டாள். திறந்தால் தோடம்பழ நிறம். ஒருவரும் போடாத புது வெஸ்டுகள், ஒவ்வொன்றும் கண்ணாடிக் கடதாசி உறைக்குள்.

மேலே கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள். யோகராசா மரை இறைச்சியைச் சிறு சிறு பைகளாகக் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். மகள் யதுர்ஷா சோதனைக்குப் படிக்கிற புத்தகத்தோடு மேசையின் மறுபக்கம் இருந்தாள்.

"இது என்னப்பா?" என்று மங்களேஸ்வரி கேட்டாள்.

அவன் பார்த்தான். கையைத் துடைத்தான். "ஓட்வார் தந்தது. நடக்கிற பொம்பிளையளுக்குக் குடுக்கச் சொல்லி."

"எப்ப தந்தவர்?"

"புரட்டாதி பிறக்க முன்னம்."

"அப்ப அவர் சொன்னது மெய்தான். எங்களுக்குச் சொல்லச் சொல்லி உங்களிட்டைச் சொன்னவர்."

"ஓம், சொன்னவன். நான் இல்லையெண்டனானே? வேட்டை நடக்கிற நாளைச் சொல்லு, இதைப் போடச் சொல்லு, வெடி கேட்டால் பாதையிலை நிண்டு பிலத்துச் சத்தமாக் கதைக்கச் சொல்லு, அதுதான்."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடியப்பா சொல்லுறது? இதைக் கொண்டுபோய்க் குடுத்தால், யோகர், இது எங்காலை, உமக்கெப்பிடித் தெரியும், நீரும் போறனீரோ எண்டு கேப்பினம். நாளைக்குக் கோயில்லை என்ரை கையாலை ஆர் சோறு வாங்குவினம்? தலைவர் ஜெயரத்தினத்தாரைத் தெரியும்தானே. முட்டை போட்ட கேக்குக்கே முகஞ்சுளிக்கிற ஆள்."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"ஏரிக்கு அங்காலை எண்டுதான் முதல் கதைச்சது. விடியத்தான் மாத்தினவங்கள். நீர் நித்திரை. ஃபோன் அடிச்சால் அவங்களுக்கு முன்னாலை தமிழிலை என்னத்தைச் சொல்லுறது?"

யதுர்ஷா புத்தகத்தை மூடினாள். "ஹெல்ட் அர்லி, அப்பா," என்றாள். உண்மையாகவா என்று கேட்பதற்கு இந்தப் பிள்ளைகளிடம் உள்ள வார்த்தை அது. "நேற்று அம்மம்மாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை அம்மாவின்ரை படமும் தொங்கியிருக்கும். நீங்கள் கோயிலைப் பற்றிக் கதைக்கிறீங்கள்."

"நீ படி, பிள்ளை. இது பெரியாக்களின்ரை கதை."

மகள் எழுந்து போய்விட்டாள். அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. யோகராசா கதிரையை இழுத்து மனைவியின் முன்னால் இருந்தான். குரல் இறங்கியது.

"இஞ்சேரும். புதன்கிழமை பின்னேரம் ஓட்வார் கூட்டம் வைக்கிறான், புளொக் மண்டபத்திலை. வேட்டைக்காரரும் வருவினம், நடக்கிற ஆக்களும் வருவினம். உம்மட்டைக் கேப்பான். யோகா சொன்னவர், நான்தான் மறந்து போனன் எண்டு மட்டும் சொல்லும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"பொய் சொல்லட்டோ?"

"சின்னப் பொய். உமக்கு என்ன நட்டம்? என்னை எடுத்து எறிஞ்சு போடுவாங்கள். இருவது வருஷம் ஒரே கராஜ். ஒருத்தன் ஒரு கோப்பி குடிக்க வா எண்டு கூப்பிட்டது கிடையாது. அந்தக் காட்டுக்கைதான், நெருப்பு மூட்டிச் சுத்தி இருக்கேக்கை, யோகா இஞ்சை இரு எண்டு தள்ளி இடம் விட்டவங்கள். அது உமக்கு விளங்காது."

அவளுக்கு விளங்கியது. வயோதிபர் இல்லத்தில் அவளுக்கும் ஒருவரும் தள்ளி இடம் விட்டதில்லை. விளங்கியதால்தான் இன்னும் அருவருத்தது. இந்த மனிதன் அங்கே ஓர் இடத்துக்காகவும் கோவிலில் ஓர் இடத்துக்காகவும் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். நடுவில் பாசிக்குள் முகம் புதைத்துக் கிடந்தது அவள். அதற்கு மேலே, ஒரு காதால் கேட்டு மறு காதால் விடுகிறவள் என்ற பெயரும் அவளுக்கே.

"நான் துவக்கின்ரை வாயைப் பாத்தனான்," என்றாள்.

"ஓட்வார் சுடேல்லைத்தானே."

"அவர் சுடேல்லை," என்றாள் மங்களேஸ்வரி. மேசையிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அன்றிரவு அதை மகளின் அறையில் வைத்து, அவளும் அங்கேயே படுத்தாள்.

புதன்கிழமை மண்டபத்தில் கோப்பி மணந்தது. நாய் கொண்டுவந்தவர்களுடைய நாய்கள் மேசைக்கடியில் படுத்திருந்தன. தோடம்பழ நிறத் தொப்பிகள் ஒரு பக்கம், நடைக்காரர் மறு பக்கம், குழந்தை வண்டில்களோடு இரண்டு இளம் தாய்மார் நடுவில். யோசெப்பின் பின்வரிசையில் கதவுக்குக் கிட்ட இருந்தாள். காட்டுப் பக்கம் இனி வரமாட்டேன் என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள்.

ஓட்வார் எழுந்து நின்று, அலங்காரம் இல்லாமல் நடந்ததைச் சொன்னான். "மண்ணிறமாக ஒன்று அசைந்தது. நாய் மறித்து நின்றது. என் விரல் விசையில் இருந்தது. என்ன என்று நிச்சயமாகத் தெரியாமல் துவக்கை உயர்த்தியது என் பிழை. அதை வேறு ஒருவர் தலையிலும் போட மாட்டேன்."

முன்வரிசையில் இருந்த தடித்த மனிதர் ஒருவர் குறுக்கிட்டார். "இந்த மாதம் முடியும்வரை பாதையை மூடிவிடலாம். சொல்லியும் கேட்காதவர்கள் வீட்டில் இருக்கட்டும்."

கேட்காதவர்கள் என்றபோது அவர் பார்வை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஓட்வார் தலையை ஆட்டி மறுத்தான்.

"பாதை எல்லாருடையது. மூட எனக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இவர்களுக்குச் செய்தி போனதா, இல்லையா?"

மண்டபம் மங்களேஸ்வரியைப் பார்த்தது. பக்கத்துக் கதிரையில் யோகராசா கோப்பிக் கோப்பையைப் பார்த்தபடி, உதடு அசையாமல் தமிழில் சொன்னான். "மறந்து போனன் எண்டு சொல்லும். அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள். காலடியில் இருந்த நீலப் பையைத் தூக்கி முன்மேசையில் கவிழ்த்தாள். உறை பிரிக்காத வெஸ்டுகள் வழுக்கிச் சரிந்து, இரண்டு நிலத்தில் விழுந்தன.

"இவை என் வீட்டு நிலவறையில் இருந்தன," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். சொற்கள் சரியாக வந்தன. "ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. எங்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. எங்கள் ஊரில் வெடி கேட்டால் படுக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. இங்கே மற்ற மாதிரி என்று சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்."

ஒரு நாய் எழுந்து, விழுந்த வெஸ்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

"வெக்கமில்லையோ உமக்கு," என்றான் யோகராசா தமிழில், மெதுவாக. "புருசனை இப்பிடிச் சபையிலை வைச்சு."

"அரியண்டமாக் கிடக்கு," என்றாள் அவள் அருவருப்போடு, அதே அளவு மெதுவாக. "உங்களுக்குப் பக்கத்திலை இருக்கவே அரியண்டமாக் கிடக்கு."

ஓட்வார் யோகராசாவைத் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "யோகா, இந்த வருடம் நீ துவக்கோடு காட்டுக்குள் வராதே," என்றான் கடைசியில். "அடுத்த வருடத்தை அடுத்த வருடம் பார்ப்போம்." யோகராசா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஓட்வார் பின்னால் ஓடி வந்து, மன்னிப்புக் கேட்டு, மங்களேஸ்வரியின் கையில் ஒரு பையைத் திணித்தான். கனமாக இருந்தது. அடியில் ஈரம். மரையின் நல்ல தொடை இறைச்சி. தன்னிடம் இருந்ததில் திறமானதைத்தான் அவன் கொடுத்தான். அவள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டைத் தாங்கோ அக்கா," என்றாள் யோசெப்பின். "எங்களைச் சுட வந்த இடத்திலை செத்தது. நான் காய்ச்சித் தின்னுறன்."

ஊர் வாய் சும்மா இருக்குமா? வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அடுத்த பட்டணமான திராமன்வரை கதை போய்விட்டது. யோகராசா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் கோவிலிலிருந்துதான், பொறுப்பை விடச் சொல்லப்போகிறார்கள் என்று பயந்தான். பின்னேரம் உண்மையிலேயே தலைவர் ஜெயரத்தினத்தார் எடுத்தார். யோகராசா அவசரத்தில் எடுத்ததில் ஸ்பீக்கர் பொத்தான் அமுங்கிவிட்டது. குசினியில் உழுந்து அரித்துக்கொண்டிருந்த மங்களேஸ்வரிக்கும் எல்லாம் கேட்டது.

"யோகர், கேள்விப்பட்டனான்," என்றது தலைவரின் குரல். "நீர் மரை வேட்டைக்குப் போறனீராம்."

"அது வந்து, அண்ணை..."

"ஏன் ஐசே இவ்வளவு நாளும் சொல்லேல்லை? வாற சனி தீபாவளியெல்லோ. புரட்டாதியும் முடிஞ்சுது. ஒரு நாலைஞ்சு கிலோ எடுக்கலாமோ? எலும்பில்லாமல். வீட்டுக்காரிக்குத் தெரியவேண்டாம், ஆடு எண்டு சொல்லுறன். எங்கடை பொருளாளரும் கேட்டவர்."

யோகராசா ஃபோனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. தப்பிவிட்டான் அல்லவா.

மங்களேஸ்வரியின் கை உழுந்துக்குள் அப்படியே நின்றது. கோவில் முகஞ்சுளிக்கும் என்று பயந்துதான் இந்த மனிதன் அந்தப் பையை ஒளித்தான். அந்தக் கோவில் எலும்பில்லாமல் கேட்கிறது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக அவளையும் யோசெப்பினையும் அங்கே சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறான். பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"குடுங்கோ," என்றாள். "பெட்டியிலை உள்ள எல்லாத்தையும் அள்ளிக் குடுங்கோ. என்ரை வீட்டிலை ஒரு துண்டு இருக்கப்படாது."

தீபாவளிச் சனி விடிய எண்ணெய் வைத்து முழுகிவிட்டு, யோசெப்பினின் வீட்டு மணியை அடித்தாள். யோசெப்பின் கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தே பேசினாள்.

"நான் வரேல்லை அக்கா. சொன்னனான்தானே."

"கதவைத் திறவும். ஒரு சாமான் கொண்டந்தனான்."

திறந்தாள். மங்களேஸ்வரி தோடம்பழ நிற வெஸ்டும் அதே நிறத் தொப்பியுமாக, கையில் இன்னொரு வெஸ்டோடு நின்றாள். தொப்பி யோகராசாவினுடையது. கேட்காமல் எடுத்து வந்திருந்தாள்.

"ரோட்டுக் கிண்டுற ஆக்கள் மாதிரிக் கிடக்கு," என்றாள் யோசெப்பின்.

"இருக்கட்டும். பாதையை அவங்களுக்கும் விடமாட்டன், அந்த மனுசனுக்கும் விடமாட்டன். போடும் இதை."

இந்த முறை பெரிய வாசலால் போனார்கள். வேட்டை நடக்கிறது என்ற பலகையின் முன்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டு ஏறினார்கள். மரங்களில் இலை தீர்ந்துவிட்டிருந்தது. குடல் கிடந்த இடத்தில் காகங்கள் மிச்சம் வைத்த கறை மட்டும் இருந்தது. மங்களேஸ்வரி மூக்கைப் பொத்தாமல் அதைக் கடந்தாள்.

"வாய் மூடக் கூடாதாம்," என்றாள் யோசெப்பின் மெதுவாக. "ஏதாவது கதையுங்கோ அக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"என்னத்தைக் கதைக்கிறது?"

அப்போது வெடி கேட்டது. தூரத்தில்தான், ஏரிக்கு அந்தப் பக்கம். ஆனாலும் இருவரின் முழங்கால்களும் தம் பாட்டில் மடிந்தன. யோசெப்பின் பாதி குந்திவிட்டாள். மங்களேஸ்வரி அவளுடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினாள். தூக்குகிற சாக்கில் தானும் நிமிர்ந்தாள். பாதையின் நட்ட நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள்; முதலில் காற்றுத்தான் வந்தது.

"நாங்கள் இஞ்சை நிக்கிறம்," என்று மங்களேஸ்வரி கத்தினாள், தமிழில். இரண்டாம் முறை இன்னும் பிலத்து. "இஞ்சை நிக்கிறம்."

பாறைகளுக்கு அப்பாலிருந்து ஒரு ஆண்குரல் பதிலுக்குக் கூவியது. நாயும் குலைத்தது. பிறகு காடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி இருவருக்கும் பிடிக்கவில்லை.

"கதையுங்கோ அக்கா," என்றாள் யோசெப்பின்.

"என்ரை புருசன்," என்று மங்களேஸ்வரி தொடங்கினாள், காட்டுக்கே கேட்கும்படி, "எனக்கு ஒண்டும் சொல்லேல்லை." சொல்லிக்கொண்டே நடந்தாள். ஏரி வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.